மலையாரும் மழையாரும்

பெருமடுவின் கரையில் கயலி என்ற நீர்நாய் வாழ்ந்துவந்தாள். மடுவுக்கு மேற்கே ஓர் உயர்ந்த மலை நின்றது. மலையிலிருந்து இறங்கிய ஓடைதான் மடுவை நிரப்பியது. கிழக்கே கோரைப்புல் அடர்ந்திருந்தது. மீன்கள் முட்டையிட்டதெல்லாம் அந்தக் கோரைக்குள்தான்.

மடுவைச் சுற்றி வாழ்ந்த விலங்குகளில் பாதிக்குச் சற்று மேல், விடிந்ததும் மலையைப் பார்த்துக் கும்பிடும். அவர்களுக்கு மலையார் என்று பெயர். மற்றவை, முகத்தை வானத்துக்கு உயர்த்தி மழையைக் கும்பிடும். அவர்கள் மழையார். பன்றிகளிலும் மலையார் உண்டு, மழையார் உண்டு. முயல்களிலும் அப்படித்தான். சில வளைகளில் இருவருமே இருந்தார்கள்.

கயலி மலையைக் கும்பிடுகிறவள். அவள் புருஷன் துடுப்பனோ மழையைக் கும்பிடுகிறவன்.

“உன் சாமி இருக்கிற இடத்தைவிட்டு அசையாது!” என்று துடுப்பன் கேலி செய்வான்.

“உன் சாமி கூப்பிட்ட நாளில் வராது!” என்று கயலி திருப்பிக் கொடுப்பாள்.

பிறகு இரண்டு பேரும் ஒரே தண்ணீரில் குதிப்பார்கள். பெரிய மீன் யாருக்கு என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை வரும்.

அந்தக் காட்டை அப்போது ஓநாய்கள் ஆண்டன. மலைக்கு அப்பாலிருந்து வந்தவை அவை. வந்த புதிதில் குடிக்கத் தண்ணீர் கேட்டன. அப்புறம் தங்க இடம் கேட்டன. அதற்கப்புறம் எதையுமே கேட்கவில்லை, எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு குடும்பமும் வருஷத்துக்கு ஒரு குட்டியைக் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டமும் போட்டன.

ஓநாய்த் தலைவன் நரைமுகன் ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டான்.

“மலையார் நெற்றியில் செம்மண் பூச வேண்டும். மழையார் வெள்ளைக் களிமண் பூச வேண்டும்!”

“எதற்கு?” என்று கயலி கேட்டாள்.

“யார் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு!”

“நான் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிறவள். அழிந்துபோகுமே!”

“அழிந்தால் மறுபடி பூசிக்கொள்!”

எல்லோரும் பூசிக்கொண்டார்கள். எண்ணி முடித்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எதிரே யார் வந்தாலும், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நெற்றியைப் பார்த்தார்கள். கயலியும் அப்படித்தான் பார்த்தாள். ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்த முயலை ‘வெள்ளை’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த முயலின் பெயர் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நெற்றிதான் முதலில் கண்ணில் பட்டது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு கோடையில் ஓநாய்கள் வீட்டுக்கு இரண்டு குட்டி கேட்டன. அன்றைக்குத்தான் காட்டின் பொறுமை போயிற்று. மலையார் தலைவன் திமிலன் என்ற காட்டெருமை. மழையார் தலைவன் கவையன் என்ற மிளா மான். இருவரும் தோளோடு தோள் உரச மடுவின் கரையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் காடே திரண்டு நின்றது.

“இனி ஒரு குட்டிகூடக் கிடையாது!” என்றான் திமிலன்.

“ஒரு வாய் தண்ணீரும் கிடையாது!” என்றான் கவையன்.

செம்மண் நெற்றியும் வெள்ளை நெற்றியும் கலந்து அடைத்து நின்றதால் ஓநாய்களால் தண்ணீருக்கு வரவே முடியவில்லை. நாக்கு வறண்டது. நரைமுகன் யோசித்தான். இந்தக் காட்டை இனிமேல் கட்டி ஆள முடியாது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

“சரி, நாங்கள் போகிறோம்,” என்றான். “ஆனால் மடுவை யார் கையில் ஒப்படைப்பது?”

“என் கையில்!” என்றான் திமிலன். “நாங்கள்தான் அதிகம்!”

“அதனால்தான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது!” என்றான் கவையன். “இன்றைக்குத் தோளோடு தோள் உரசுகிறீர்கள், நாளைக்கு உங்கள் குளம்பு எங்கள் கழுத்தில் இருக்கும்!”

“அப்படியா நினைக்கிறாய் எங்களை?”

“நினைக்க வைத்ததே நீங்கள்தானே!”

நரைமுகன் பெருமூச்சு விட்டான். “நீங்கள் இருவரும் எந்தக் காலத்தில் ஒத்துப்போனீர்கள்?”

“நேற்றுவரை ஒத்துத்தான் இருந்தோம்!” என்று கூட்டத்திலிருந்து கயலி கத்தினாள். கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

மடுவைப் பிரிப்பது என்று முடிவாயிற்று. கோடு போடுவதற்காக மலைக்கு அப்பாலிருந்து ஒரு கிழட்டு ஓநாய் வந்தது. அது அந்த மடுவில் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடித்ததில்லை. வெயில் தாங்காமல் மர நிழலிலேயே உட்கார்ந்துகொண்டு, “எந்த இடத்தில் ஒடுங்கியிருக்கிறது?” என்று மட்டும் கேட்டது. மடுவின் நடுவே இடுப்புபோலச் சிறுத்த இடத்தைக் காட்டினார்கள். நகத்தால் மண்ணில் ஒரு கோடு இழுத்தது.

“மேற்கே மலையாருக்கு, கிழக்கே மழையாருக்கு. முடிந்தது!” என்றது. பொழுது சாய்வதற்குள் ஊருக்கும் கிளம்பிவிட்டது. மற்ற ஓநாய்களும் அதன் பின்னாலேயே போய்விட்டன.

இரு கரையிலும் ஒரே கொண்டாட்டம். குயில்கள் கூவின, குரங்குகள் குட்டிக்கரணம் போட்டன. கயலியும் துடுப்பனும் தண்ணீரில் புரண்டு புரண்டு சிரித்தார்கள்.

கொண்டாட்டம் முடியும் முன்பே ஒரு பேச்சு கிளம்பியது. “மேற்கே மழையாருக்கு இடமில்லை!” அதே நேரத்தில் கிழக்கிலும் கிளம்பியது. “இங்கே மலையாருக்கு இடமில்லை!” முதலில் சொன்னது யார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

கயலியின் வளை மேற்குக் கரையில் இருந்தது. பக்கத்தில் கோரையன் என்ற காட்டுப்பன்றி குடியிருந்தான். அவனும் மலையைக் கும்பிடுகிறவன்தான். அன்று அவன் வளையின் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

“அக்கா, நீங்கள் இருக்கலாம். அத்தான் மட்டும் போய்விடட்டும்.”

“எங்கேடா போவார்?”

“அவர் சாமி இருக்கிற பக்கம்.”

“மழைக்கு ஏதுடா பக்கம்?”

கோரையன் தரையைக் கிளறினான். “இன்றைக்கு நான் வந்தேன், அக்கா. நாளைக்கு வேறு யாராவது வருவார்கள்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அவன் மிரட்டுகிறானா, எச்சரிக்கிறானா என்று கயலிக்கு விளங்கவில்லை.

“நீ இங்கேயே இரு. நிலைமை அடங்கியதும் நான் வந்துவிடுகிறேன்,” என்றான் துடுப்பன்.

“போதும், மச்சான். எழுந்திரு, போகலாம்!” என்றாள் கயலி.

மடு ஒடுங்கிய இடத்தில் உச்சி வெயிலில் இரண்டு கூட்டங்கள் எதிரெதிராக நகர்ந்தன. ஒன்று கிழக்கே போயிற்று. மற்றொன்று மேற்கே வந்தது. குட்டிகளை முதுகிலும் வாயிலும் தூக்கிக்கொண்டு எல்லோரும் தலைகுனிந்து நடந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எதிரே வந்த கூட்டத்தில் செதிலன் இருந்தான். செதிலன் ஓர் அழுங்கு, எறும்புதின்னி. உடம்பெல்லாம் ஓடு போன்ற செதில், வாயில் பல்லே கிடையாது, நாக்கு மட்டும் முழ நீளம். அந்த நாக்கு எப்போதும் மடிந்துகொள்ளும். அதனால் ‘ல’ சொல்ல அவனுக்கு வராது. பாலைப் ‘பாழ்’ என்பான். இலையை ‘இழை’ என்பான். கிழக்குக் கரையில் குடியிருந்தாலும் அவன் மலையைக் கும்பிடுகிறவன். மனைவி சுருணையைக் கிழக்கே வளையில் விட்டுவிட்டு, மேற்கே முதலில் ஒரு பொந்து பார்த்துவைக்கலாம் என்று கிளம்பியிருந்தான். தண்ணீரில் இறங்கி வந்ததில் நெற்றிச் செம்மண் கரைந்துபோயிருந்தது.

“நழமா, கயழி?” என்றான் அவன். அந்தக் கூட்டத்தில் அன்று நலம் விசாரித்தவன் அவன் ஒருவன்தான்.

மேற்குக் கரையில் காவல் நின்ற பன்றிகள் அவனை மறித்தன. கோரையனும் அங்கே நின்றான்.

“நெற்றியில் ஒன்றும் இல்லையே! யாரைக் கும்பிடுகிறாய்? சொல்!”

“மழை!” என்றான் செதிலன்.

“என்ன?”

“மழை! மழை!” அவன் வாய் குழறியது. முன்னங்காலால் மலையைச் சுட்டிக் காட்டினான். ஆனால் அவர்கள் அவன் காலைப் பார்க்கவில்லை.

“மழையான்! வேவு பார்க்க வந்திருக்கிறான்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது.

கயலி ஓடினாள். “அவன் மலையைத்தான் சொல்கிறான்! அவன் நாக்கு அப்படி! கோரையா, உனக்குத் தெரியுமே! அவன் பக்கத்தில் கிழங்கு தோண்டித் தின்றவன்தானே நீ? சொல்லடா!”

கோரையன் அவளைப் பார்த்தான். பிறகு தனக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

பயந்தால் அழுங்குகள் செய்வதைச் செதிலனும் செய்தான். உடம்பைச் சுருட்டிப் பந்தாகிக்கொண்டான். புலியால்கூட அதை அவிழ்க்க முடியாது. ஆனால் பந்தை உருட்டுவது எளிது. பன்றிகள் அவனைப் பாறை விளிம்புவரை உருட்டிக்கொண்டு போய்க் கீழே தள்ளின. தள்ளிய மூக்குகளில் கோரையனின் மூக்கும் ஒன்று.

கீழே பாறையில் கிடந்த உடல் மெல்ல விரிந்தது. செதில்கள் அகன்றன. ஒவ்வொரு செதிலின் அடியிலும் செம்மண் அப்பியிருந்தது. தன் சாமியின் கரைக்குப் போகிறோம் என்று அவன் காலையில் உடம்பு முழுக்கப் பூசிக்கொண்டு வந்திருந்தான்.

பன்றிகள் விளிம்பிலிருந்து பின்வாங்கின.

“கூட்டத்தில் இதெல்லாம் நடக்கத்தான் செய்யும்,” என்றது ஒரு பன்றி. வரிசை மறுபடி நகர்ந்தது.

கிழக்குக் கரையில் வேறு காவல் நின்றது. அங்கே மான்கள் கொம்பைச் சாய்த்துக்கொண்டு ஒவ்வொருவரையும் சோதித்தன. துடுப்பன் சட்டென்று ஒரு கை வெள்ளைக் களிமண்ணை அள்ளிக் கயலியின் நெற்றியில் பூசினான்.

“கொஞ்ச நாளைக்குத்தான்,” என்று அவள் காதில் சொன்னான்.

கொஞ்ச நாள் என்றது வருஷங்கள் ஆயிற்று. தினமும் விடிந்ததும் கயலி வெள்ளை பூசிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்பாள். மலையைப் பார்த்தால் யாராவது கவனித்துவிடுவார்கள் என்று கண்ணை மூடிக்கொள்வாள். மூடிய கண்ணுக்குள் மலையைக் கும்பிடுவாள். செதிலன் இறந்த செய்தியைச் சுருணையிடம் சொன்னதும் அவள்தான். அதன்பிறகு சுருணையும் வெள்ளை பூசிக்கொண்டாள். வெள்ளை பூசிய இரண்டு பெண்களும் அடிக்கடி ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

இதற்கிடையில் மேற்குக் கரையில் திமிலன் ஒரு கட்டளை போட்டான். “மலை நம்முடையது. மலையிலிருந்து வரும் தண்ணீரும் நம்முடையது. ஒரு சொட்டு அந்தப் பக்கம் போகக் கூடாது!”

காட்டெருமைகள் கல்லைப் புரட்டின. பன்றிகள் மண்ணைக் குவித்தன. மடுவின் ஒடுங்கிய இடத்தில், கோடு போட்ட இடத்திலேயே, உயரமாக ஓர் அணை எழுந்தது.

கிழக்கே மடு வற்றியது. சேறானது. சேறு வெடித்தது. மேற்கே தண்ணீர் ததும்பியது, ஆனால் மீன் பெருகவில்லை. மீன்கள் முட்டையிடும் கோரை கிழக்கே அல்லவா இருந்தது! ஓட்டமில்லாத தண்ணீரில் பாசி படர்ந்தது. நாற்றம் எடுத்தது. குடித்த குட்டிகள் வயிறு ஊதிச் செத்தன.

“எல்லாம் அவர்களால்தான்!” என்றான் திமிலன்.

“எல்லாம் அவர்களால்தான்!” என்றான் கவையன்.

நம்மைவிட அவர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டார்கள். அதில் ஓர் ஆறுதல் இருந்தது.

தண்ணீர் குறையக் குறையக் கிழக்கே புதுப் பேச்சு ஒன்று முளைத்தது. மழையாரில் சிலர், “இடியோடு வருவதுதான் மழை!” என்றார்கள். வேறு சிலர், “மெல்லத் தூறுவதுதான் மழை!” என்றார்கள். எஞ்சியிருந்த சேற்றுக் குட்டை யாருக்கு என்று கேள்வி வந்தது. கவையன் கூட்டம் கூட்டினான்.

“இனிமேல் சேர்ந்திருக்க முடியாது. இதையும் பிரித்துவிடுவோம்!” என்று கத்தினார்கள் இடிமழைக்காரர்கள்.

“கோடு போடுங்கள்!” என்றார்கள் தூறல்காரர்கள்.

“அந்தக் கிழட்டு ஓநாய் இன்னும் உயிரோடு இருக்கிறதா?” என்று ஒரு மான் கேட்டது.

அதைக் கேட்டதும் கயலி எழுந்தாள். அவள் கூட்டத்தின் நடுவே போய் நின்றாள். புறங்கையால் நெற்றியிலிருந்த வெள்ளையைத் துடைத்தாள்.

“நான் மலையைக் கும்பிடுகிறவள்!” என்றாள்.

கூட்டம் பின்வாங்கியது. பிறகு கொம்புகள் முன்னால் வந்தன.

“இத்தனை வருஷமாக உங்களோடு இருக்கிறேன். உங்கள் குட்டிகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தேன். இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்? கோடு போட வேண்டுமென்றால் என் வளையிலிருந்து தொடங்குங்கள். எனக்கும் என் புருஷனுக்கும் நடுவே போடுங்கள். என் மகள் பொடிச்சியை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? அவளையும் இரண்டாக அறுப்பீர்களா?”

துடுப்பன் வந்து அவள் பக்கத்தில் நின்றான். பொடிச்சி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“துரோகி! கொல்லுங்கள்!” என்று ஒரு குரல் கேட்டது.

அப்போது சுருணை தன் வளையிலிருந்து நிதானமாக நடந்து வந்தாள். அவளும் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

“என் புருஷனை அவருடைய சொந்த ஆட்களே கொன்றார்கள்,” என்றாள். “செதிலுக்கடியில் செம்மண் இருந்தது. பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. இன்றைக்கு நீங்கள் இடி என்கிறீர்கள், தூறல் என்கிறீர்கள். நாளைக்கு உங்கள் வீட்டில் யாருடைய நாக்கு தவறும் என்று உங்களுக்குத் தெரியுமா?”

கொம்புகள் தாழ்ந்தன. ஒரு தாய் மான் தன் குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

கவையன் முன்னால் வந்து கேட்டான். “சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய்?”

“தண்ணீர் கேட்போம்,” என்றாள் கயலி.

“எதிரியிடமா?”

“பக்கத்து வீட்டில்!”

கயலியும் சுருணையும் முன்னால் நடந்தார்கள். கொஞ்சம் பேர் பின்னால் வந்தார்கள். மற்றவர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள்.

அணையின் மேல் காவலுக்கு நின்றவன் கோரையன். முகம் ஒட்டிப்போயிருந்தது. அவன் காலடியில் இரண்டு குட்டிகள் வயிறு வீங்கிக் கிடந்து முனகின.

“கிட்டே வராதீர்கள்!” என்றான். பிறகு கயலியை அடையாளம் கண்டுகொண்டான். “அக்கா...” என்றான். அவள் பக்கத்தில் நின்ற அழுங்கைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

சுருணை அவனை நிமிர்ந்து பார்த்தாள். “நீ அங்கே இருந்தாய் என்று கயலி சொன்னாள். ஒன்று மட்டும் கேட்கிறேன். என் புருஷன் கடைசியாக என்ன சொன்னார்?”

கோரையன் தன் குட்டிகளைப் பார்த்தான்.

“மலை என்றுதான் சொன்னார், அம்மா,” என்றான். “எனக்கு அப்போதே தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.”

சுருணை அழவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. வெடித்துக் கிடந்த சேற்றைக் காட்டினாள். “தண்ணீர் வேண்டும்,” என்றாள்.

கோரையன் திரும்பினான். மூக்கை அணையின் மண்ணில் செருகித் தோண்டத் தொடங்கினான். திமிலன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“கோரையா! என்ன செய்கிறாய்? அது நம் தண்ணீர்!”

“என் குட்டிகளைக் கொல்கிற தண்ணீர், தலைவரே!” என்றான் கோரையன். தோண்டுவதை அவன் நிறுத்தவில்லை.

இன்னொரு பன்றி வந்து அவன் பக்கத்தில் தோண்டியது. அடுத்து ஒரு காட்டெருமை கொம்பால் கல்லை நெம்பியது. திமிலன் சுற்றிலும் பார்த்தான். தன் பின்னால் கத்துவதற்கு இந்த முறை கூட்டம் இல்லை என்று கண்டுகொண்டான். ஒதுங்கி நின்றான்.

கயலி மறுபக்கத்திலிருந்து நகத்தால் மண்ணைப் பிறாண்டினாள். முதலில் மண்ணில் ஈரம் கசிந்தது. பிறகு விரல் கனத்துக்கு நீர் வந்தது. பிறகு அணை உடைந்து வெள்ளம் பாய்ந்தது. வெடித்த சேறு குடித்தது, கோரையின் வேர் குடித்தது, அதன்பிறகே மடு நிறையத் தொடங்கியது. அடுத்த மழைக்காலத்தில் கோரைக்குள் மீன் பொரித்தது. அந்த மீன்குஞ்சுகள் உடைந்த இடத்தின் வழியாக மேற்கே நீந்திப் போயின. கிழக்கே இடி, தூறல் என்ற பேச்சும் மெல்ல அடங்கியது.

ஆனால் கோடு அப்படியே இருந்தது. இரண்டு பக்கமும் காவல் இருந்தது. கயலியின் பழைய வளையில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அவர்களும் எங்கிருந்தோ துரத்தப்பட்டு வந்தவர்கள்தான், அதனால் அவர்களைப் போகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கோரையன் எத்தனையோ முறை கரையோரம் வந்து நின்றான். சுருணை ஒருநாளும் அவனோடு பேசவில்லை.

சாமியின் பெயரால் மண்ணைப் பிரிக்க ஒரு நகம் போதும். பிரிந்தவர்கள் மறுபடி ஒருவரை ஒருவர் நம்புவதற்கு ஒரு தலைமுறையும் போதாது.